சிரித்து முடித்தாயிற்று, பதில் எங்கே?



உங்கள் கையில் இருக்கிற கைப்பேசிக்குள் நடக்கும் அரசியலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டோம். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்ல வேண்டியவன் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். எந்தக் கட்சியையும் காப்பாற்ற நான் வரவில்லை. இந்தப் பழக்கம் எல்லாக் கட்சிக்கும் வந்திருக்கிறது. ஆகவே எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜூன். கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி என்றும், கண் தெரியவில்லை என்றும் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு ஓடினார்கள். குடித்த சாராயத்தில் மெத்தனால் இருந்தது. அது உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தின்னும். பிறகு ஆளைத் தின்னும். 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்தது. தகப்பனும் தாயும் சேர்ந்து போய், பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய வீடும் அங்கே உண்டு.

அன்றைக்கு இந்த நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவை? தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் சாராய வியாபாரியின் கைக்கு எப்படி வந்தது? வழியில் எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தது? ஊரின் நடுவே பகிரங்கமாக விற்றபோது பார்த்தவர்கள் யார், பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் யார்?

இணையத்தில் என்ன நடந்தது? இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவ்வளவுதான், மீம் மழை. குடித்துச் செத்தால் பத்து லட்சமாம், உழைத்துச் செத்தால் ஒன்றுமில்லையாம் என்று நகைச்சுவை நடிகர்களின் முகங்களை வைத்துப் படம் படமாகப் போட்டார்கள். தாலி அறுத்த பெண் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருக்கிறாள். இங்கே லட்சக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்து சிரிக்கிறார்கள். இழப்பீடு சரியா தவறா என்று விவாதிக்கலாம். நானும் விவாதிக்கத் தயார். ஆனால் அந்தச் சிரிப்பில் மெத்தனால் பற்றிய கேள்வி எங்கே போயிற்று?

மறுபக்கத்தில் ஆளுங்கட்சிக்கு முட்டுக் கொடுத்தவர்கள் என்ன எழுதினார்கள்? உங்கள் ஆட்சியில் யாரும் சாகவில்லையா? மதுவிலக்கு இருக்கிற குஜராத்தில் சாகவில்லையா? செத்தார்கள் ஐயா. 2022-இல் போட்டாட் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது உண்மை. அந்த உண்மையால் கருணாபுரத்தில் ஒரு உயிராவது திரும்பி வருமா? குஜராத் அரசு குற்றவாளி என்றால், கள்ளக்குறிச்சிக்குப் பொறுப்பானவர் நிரபராதி ஆகிவிடுவாரா? பக்கத்து வீட்டிலும் தீப்பிடித்தது என்று சொல்லிக்கொண்டே நம் வீட்டை எரிய விடுகிறவனை என்னவென்று சொல்வது?

இன்னும் கொடுமையான ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். கள்ளக்குறிச்சி முதல் சாவு அல்ல. அதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு, 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் இதே 10 லட்சம். அப்போதும் இதே கிண்டல், இதே ‘உங்கள் ஆட்சியில்’. ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் வேறு ஏதோ வந்தது, ஊர் அங்கே ஓடியது. கேட்டு முடிக்காமல் விட்ட அந்தக் கேள்விதான் பதின்மூன்று மாதம் கழித்துக் கருணாபுரத்தில் மூன்று மடங்கு பிணமாக வந்து விழுந்தது என்று நான் இந்த மேடையில் நின்று குற்றம் சாட்டுகிறேன்.

2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கள்ளக்குறிச்சி வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எதனால் மாற்றியது? சிலர் மனுப் போட்டார்கள், ஆவணம் கொடுத்தார்கள், நீதிபதிகள் முன் நின்று வாதாடினார்கள். ஒரு மீம்கூட அந்தக் கோப்புக்குள் போகவில்லை.

இப்போது வசைப் பெயர்களுக்கு வருகிறேன். தண்ணீர் வரவில்லை என்று ஒருவன் எழுதினால் அவன் பா.ஜ.க. ஆள், ‘சங்கி’. கோயில் நிலத்தைப் பற்றிக் கேட்டால் ‘சங்கி’. இந்தி வேண்டாம் என்றால் தி.மு.க.விடம் காசு வாங்கியவன், ‘200 ரூபாய் ஊபி’. மாநில உரிமை என்றால் ‘ஊபி’. சீமான் கட்சிக்காரன் பேசினால் ‘தும்பி’, விஜய் கட்சிக்காரன் பேசினால் ‘அணில்’. பெயர் சூட்டிவிட்டால் பதில் சொல்லியாயிற்று என்று நினைக்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். அவன் 200 ரூபாய் வாங்கிக்கொண்டே எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். அவன் காசு வாங்கியதால் உன் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா? சொன்னவன் யார் என்பது ஒரு விசாரணை. சொன்னது உண்மையா என்பது வேறு விசாரணை. முதலாவதை நடத்திவிட்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுவது மோசடி.

இந்த மோசடியை நம் கண் முன்னே பெரிய அளவில் நடத்திக் காட்டியது 2017 தீபாவளி. ‘மெர்சல்’ படம் வந்தது. சிங்கப்பூரில் 7 சதவீத ஜி.எஸ்.டி., அங்கே மருத்துவம் இலவசம். இங்கே 28 சதவீதம் வாங்கும் அரசு ஏன் இலவச மருத்துவம் தரவில்லை என்று படத்தின் நாயகன் கேட்டார். மருந்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு, சாராயத்துக்கு இல்லை என்றும் சொன்னார். அரங்கம் கை தட்டியது. நண்பர்களே, அந்த வசனத்தில் ஓட்டைகள் இருந்தன. சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம் இல்லை. சம்பளத்திலிருந்து மெடிசேவ் கணக்குக்குப் பிடித்து வைத்து, அதிலிருந்து செலவழிக்கிறார்கள். 28 என்பது இங்கே எல்லாவற்றுக்குமான வரி இல்லை, அன்றைய உச்ச அடுக்கு. பெரும்பாலான மருந்துகளுக்கு அன்று 12 சதவீதமோ அதற்கும் குறைவோதான். மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சரி, ஆனால் மாநில அரசு தனியாக வரி போட்டுக் கறந்துவிடுகிறது. நான்கு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ‘அப்படியானால் பொது மருத்துவத்துக்கு அரசு ஏன் இன்னும் கூடுதலாகச் செலவழிக்கக் கூடாது’ என்ற நல்ல கேள்வி மிஞ்சியிருக்கும். நாடே அதைப் பேசியிருக்கும்.

என்ன செய்தார்கள்? அன்று பா.ஜ.க.வின் தேசியச் செயலாளராக இருந்த எச்.ராஜா, அந்த நடிகரின் வாக்காளர் அட்டையை வெளியிட்டார். ஜோசப் விஜய் என்ற பெயரைக் காட்டினார். வரியைப் பற்றிக் கேட்டவனுக்கு அவன் ஞானஸ்நானத்தைப் பதிலாகக் காட்டினார்கள்! உடனே இந்தப் பக்கம் என்ன நடந்தது? பெயரைத் தாக்கிவிட்டார்கள் என்ற கோபத்தில், அந்த வசனம் முழுவதும் வேதவாக்காகிவிட்டது. அதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டியவன் எல்லாம் மதவெறியன் ஆகிவிட்டான். ஒரு தவறான பதில், ஒரு தவறான கணக்கைப் புனிதமாக்கிவிட்டது. தம்பிகளே, கேலியும் வசையும் செய்கிற கேடு இதுதான். எதிரியை வீழ்த்துவதாக நினைத்து எதிரியின் பிழையைத் திருத்த முடியாமல் இறுக்கிக் கட்டிவிடுகிறோம்.

வாதம் செய்வது நமக்கு நேற்று வந்த வழக்கம் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வாதுக்கு அழைத்துக் கொடி நட்ட அறிஞர்களைப் பட்டினப்பாலை பாடுகிறது. கொடி நட்டவன் அதன் அடியிலேயே நின்றான், முகத்தை மறைக்கவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். எது சரியான காரணம், எது காரணம் போல வேடம் போட்டு வரும் போலி என்று பிரித்துக் காட்டுகிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வகைப்படுத்தி ஒரு காப்பியத்துக்குள் ஒரு காதை முழுவதும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியை மட்டும் சொல்லிக்கொடுத்து அந்தக் காதையைக் கடந்துபோய்விட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஏழு மதம் சொன்னார். மதம் என்றால் இங்கே கொள்கை, நூலாசிரியன் நிற்கும் நிலை. அவற்றில் ஒன்று, பிறர் கருத்தை முதலில் தான் மேற்கொண்டு, பிறகு களைவது. எவ்வளவு பெரிய ஒழுக்கம் அது! எதிராளி சொன்னதை அவனே ‘ஆம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்து வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இன்றைக்கு நடப்பது என்ன? அவன் சொல்லாத ஒன்றை அவன் வாயில் திணித்து, அதை அடித்து நொறுக்கி, ‘தரமான சம்பவம்’ என்று தலைப்புப் போடுகிறோம். இரண்டு மணி நேரப் பேச்சில் பத்து விநாடியை வெட்டி எடுத்து ஊர் முழுக்க அனுப்புகிறோம். சொந்தமாக ஒரு நிலைப்பாடும் இல்லாமல், அடுத்தவன் சொன்னதை இடிப்பதையே தொழிலாக வைத்திருப்பதற்கு நம் பாட்டிகளே பெயர் வைத்திருந்தார்கள். விதண்டாவாதம்.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் கேட்கிறார். நன்றாகச் சிரியுங்கள். என்.எஸ்.கிருஷ்ணனும் எம்.ஆர்.ராதாவும் சிரிக்க வைத்துத்தானே மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்தார்கள்? 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் அமைச்சரையும் கேலி செய்து ஒரு ஜோக் வந்தது. சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. நாடு கொதித்தது, சில நாளில் விட வேண்டியதாயிற்று. பின்னாளில் உயர் நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. அந்தச் சிரிப்பு அதிகாரத்தில் இருந்தவனைப் பதில் சொல்ல இழுத்து வந்தது. அதனால் அவனுக்கு வலித்தது. கருணாபுரத்து விதவையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு யாரை இழுத்து வந்தது? எந்த அதிகாரிக்கு வலித்தது?

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் இல்லை. ஆண் கேள்வி கேட்டால் கட்சிப் பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். பெண் கேள்வி கேட்டால் நேரே அவள் உடம்புக்குப் போகிறார்கள். 2018 ஏப்ரலில் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் அன்றைய ஆளுநர் தட்டினார். அது முறையா என்று அந்தப் பத்திரிகையாளர் கேட்டார். ஆளுநரே வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். பிரச்சினை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நடிகருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்கள் அத்தனை பேரின் ஒழுக்கத்தையும் இழிவாகப் பேசிய ஒரு பதிவைப் பகிர்ந்தார். கன்னத்தைத் தொடலாமா என்ற கேள்விக்கு அது எந்த வகையில் பதில்? 2024 பிப்ரவரியில் சென்னை நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு அங்கே வந்து சேர ஆறு ஆண்டு பிடித்தது. இந்த ஆறு ஆண்டில் வழக்குப் போட வழியில்லாமல் கணக்கை மூடிவிட்டு மௌனமாகிப் போன பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமை கிடையாது. அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மேடைதான். எதிர்க்கட்சித் தலைவரின் நடையை, நிறத்தை, குரலை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவர்கள் மேடையேறியவர்கள்தான். ஆனால் அதே மேடைக்கு வேறு ஒரு மரபும் இருக்கிறது. 1943-இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்றார் அண்ணா. நாடு இரண்டுபட்டது. அதைவிடப் பெரிய சண்டை இருக்க முடியுமா? பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரியில் ரா.பி.சேதுப்பிள்ளையும் அண்ணாவும் ஒரே மேடையில் நின்று வாதாடினார்கள். மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அண்ணா வாதாடினார். அந்தச் சொற்போர் ‘தீ பரவட்டும்’ என்று நூலாகவும் வந்தது. எண்பது ஆண்டு கழித்தும் எடுத்துப் படித்து, யார் வாதம் நிற்கிறது, யார் வாதம் சாய்கிறது என்று நீங்களே தீர்மானிக்கலாம். நேற்று இரவு நீங்கள் போட்ட கமெண்ட்டை எண்பது நாள் கழித்து யாராவது எடுத்துப் படிக்க முடியுமா?

ஆகவே உங்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் யாருக்காவது பதில் எழுதத் தோன்றும். எழுதுங்கள். கோபமாகவே எழுதுங்கள். எழுதுமுன் அவர் சொன்னதை ஒரு வரியில், அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே உங்கள் பதிலைப் போடுங்கள். அவர் கேட்டது உங்கள் கட்சியை என்றால், உங்கள் கட்சியிடம் நீங்களே போய்ப் பதில் கேட்டு வாருங்கள். இறந்தவர் வீட்டுப் படம் கேலியாக வந்தால் அது உங்கள் கையோடு நிற்கட்டும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

எக்கியார்குப்பத்துக்கும் கருணாபுரத்துக்கும் அந்த மெத்தனால் யார் யார் கை வழியாக வந்தது, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்வியை மட்டும், முழுப் பதில் வரும் வரை, விடாமல் கேளுங்கள்.