கண்ணாடிக்கு எத்தனை படம்?



நம் தூத்துக்குடி பேக்கரிகளில் மக்ரூன் நிரப்பிய கண்ணாடி பாட்டில் இருக்கும். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்த வெள்ளைத் தின்பண்டத்தை, தெருவாசல் வெயில் விழும் நேரத்தில் பாட்டிலோடு படம் எடுத்துப் பாருங்கள். மக்ரூனுக்கு வெளிச்சம் வைத்தால் கடையின் உட்புறம் கருத்துப்போகும். உட்புறத்துக்கு வைத்தால் மக்ரூன் வெறும் வெள்ளைத் திட்டாகும்.

இதற்கு எச்டிஆர் என்றொரு வழி உண்டு. ஒரே காட்சியைக் குறைந்த, நடுத்தர, கூடுதல் வெளிச்சத்தில் தனித்தனியாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. இன்றைய செல்பேசிகள் பலவும் கேட்காமலே இதைச் செய்கின்றன. யோசனை பழையது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1858-ல் மதுரையைப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், வானம் வெளிறிப்போனதால் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். பின்னர் 1997-ல் பால் டெபவெக்கும், நம் நாட்டில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் பல படங்களைச் சேர்க்கும் கணக்கை வகுத்துத் தந்தார்கள்.

கடலுக்கும் வானத்துக்கும் உதவியது கண்ணாடிக்கும் உதவுமா? பெரும்பாலும் உதவாது என்பதே என் எண்ணம். தெளிந்த கண்ணாடிக்கென்று நிறம் இல்லை. விளிம்பில் ஓடும் கருங்கோட்டையும் மேலே மின்னும் ஒளிப்பொட்டையும் வைத்துத்தான் கண் அதை அடையாளம் காண்கிறது. எச்டிஆர் பளிச்சிடுவதை அடக்கி, இருட்டை வெளுக்க வைக்கிறது. அளவு மீறினால் மக்ரூன் தெளிவாகத் தெரியும், பாட்டில் காணாமல் போகும்.

முத்துக்குளித்துறையில் வாழ்கிறவர்களுக்கு ஒளிப்பொட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை. முத்தைக் கையில் வாங்குகிறவர், அதன் மேல் விழும் ஒளி எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். மன்னார் வளைகுடாவில் குளித்து எடுத்த முத்தானாலும், 1973-ல் வேப்பலோடையில் ஆய்வாளர் கே. அழகர்சாமி வளர்த்துக் காட்டிய முத்தானாலும், அந்தப் பொட்டு மங்கிவிட்டால் படத்தில் அது பாசிமணிதான்.

ஆகவே வெளிச்சத்தைக் கேமராவுக்கு முன்னாலேயே சரிசெய்யுங்கள். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சம் அதன் வழியாக வரட்டும். இரு பக்கமும், படத்துக்குள் விழாத தூரத்தில், கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள். விளிம்புகள் மை தீட்டியது போல எழும்பும். பின்னால் கறுப்புத் துணியும் பக்கங்களில் வெளிச்சமும் வைத்தால் விளிம்பு வெள்ளைக் கோடாகும். இரண்டுக்குமே ஒற்றை எக்ஸ்போஷர் போதும்.

எச்டிஆர் கட்டாயம் தேவைப்படும் இடமும் உண்டு. சன்னலோரம் ஒரு கண்ணாடிக் குடுவை, அறைக்குள் இருள், வெளியே வ.உ.சி. துறைமுகத்தின் கிரேன்கள் காலை வெயிலில் நிற்கின்றன என்று வையுங்கள். அந்த வெயிலை அட்டை வைத்து மறைக்க முடியாது. கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். சிறிது அசைந்தாலும் குடுவைக்குள் தெரியும் துறைமுகம் இடம் மாறும். படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. குடுவையில் தண்ணீர் இருந்தால் அலை அடங்கும்வரை காத்திருங்கள். இடையில் வள்ளம் ஏதும் நகர்ந்தால் அது இரட்டையாகத் தெரியும். அந்தப் பகுதியை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். குடுவையின் ஒளிப்பொட்டையும் வெளிச்சம் குறைந்த படத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.