வீட்டில் பிள்ளைக் காப்பகம்: தொடங்கும் முன் பேச வேண்டியவை

(பெண்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வரும் பெண்களில் இரண்டு வகையினரை அடிக்கடி பார்க்கிறோம். பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் வேலையும் கிடைத்து, ஆறுமாதப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று திகைத்து நிற்பவர்கள் ஒரு வகை. கணவர் சவூதியில் இருப்பார். நன்னிக்கு மூட்டுவலி, பிள்ளையைத் தூக்க முடியாது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க வழி கேட்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் பல நேரம் ஒரே தெருக்காரர்கள்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்றும் சொன்னார்கள். நம் பெண்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கும் கிளினிக்குக்கும் இது எட்டுவதில்லை. அங்கன்வாடி நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைக்குழந்தையை மாலைவரை அங்கே விட முடியாது. ஆகவே தெருவில் ஒரு நம்பகமான வீடு தேவைப்படுகிறது.

தொடங்க நினைக்கும் சகோதரிகள் முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நாம் வைக்கும் அளவுகோல் எளிது. அடுப்படியில் புகை வந்தால் எல்லாக் குழந்தைகளையும் ஒரே தடவையில் வெளியே கொண்டுபோக முடியுமா? நடக்கத் தெரியாத பிள்ளை இரண்டுக்கு மேல் இருந்தால் ஒருவரால் முடியாது. கூட இன்னொரு பெண் வேண்டும்.

தாய்ப்பாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் தாய் பாலைப் பிழிந்து பாட்டிலில் கொடுத்துவிட்டுப் போகலாம். நம் ஊர் வெயிலில் அதை வெளியே வைக்கக் கூடாது. உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், நாலு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் பிள்ளையின் பெயரையும் தேதியையும் ஒட்டுவது கட்டாயம். சுகாதாரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு தாயின் பாலை இன்னொரு பிள்ளை குடித்தால் பால்குடி உறவு ஏற்பட்டு, பிற்காலத்தில் திருமணம் தடையாகும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவை, ஹனஃபியில் ஒரு தடவையே போதும். பாட்டிலில் கொடுத்தாலும் பெரும்பாலான உலமாக்களிடம் சட்டம் அதுதான். ஒரே தெருப் பிள்ளைகள், நாளைக்குச் சம்பந்தம் பேசக்கூடியவர்கள். பத்து ரூபாய் ஸ்டிக்கரில் சோம்பல் காட்ட வேண்டாம்.

தூங்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். கைக்குழந்தைக்குத் தலையணை வேண்டாம். தூளியில் போட்டுவிட்டு, ஆட்டிவிடும் பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது. தவழும் குழந்தைக்கு அரையடித் தண்ணீரே ஆபத்து. வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை எல்லாம் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பிறந்ததும் தேன் தொட்டு வைக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்டர்கள் சொல்வதைத்தான் சொல்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நோட்டில் ஏ பி சி டி எழுதவில்லையே என்று காப்பகத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வயதில் விரலுக்குப் பென்சில் பிடிக்கும் பலம் முழுதாக வந்திருக்காது. சப்பாத்தி மாவைப் பிசையட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கும்போது கூட உட்காரட்டும், ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் இன்னொன்றில் ஊற்றட்டும். காலுறைகளை ஜோடி சேர்ப்பதே கணக்குப் பாடம்தான். கதை சொல்லுங்கள், சின்ன சூராக்களை ராகமாக ஓதிக் காட்டுங்கள். போனை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, அதற்குமேல் நாலு வயதுவரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

இனிக் கூலி. "நம்ம லாத்தாதானே, சும்மா பார்த்துக்கொள்ளட்டும்" என்கிற பேச்சு நமக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டுவதை அனுமதிக்கும் இடத்திலேயே, அவளுக்குரியதை முறைப்படி கொடுத்துவிடச் சொல்கிறது அல்பகரா சூராவின் 233ஆம் வசனம். டியூஷனுக்கு மாதம் பிறந்ததும் பணம் கட்டுகிறோம். நாள் முழுக்க மலம் கழுவி, சோறூட்டி, மடியில் தூங்கவைக்கும் பெண்ணிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். தொகை, நேரம், காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது, பிள்ளையை மாலையில் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இதையும் எழுதுவதில் வெட்கம் இல்லை.

பாய், தடுப்புக் கதவு, ஃபிரிட்ஜ், முதலுதவிப் பெட்டி வாங்க அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் தரும், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் நம் மகளிர் குழுவினர் வீட்டுக்கு வந்து கிணறு, மாடிப்படி, மின் இணைப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வீட்டு ஆண்கள் சம்மதித்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வெளியாட்கள் வந்து போகக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் ஆதார் நகலுடன் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பிள்ளையை விட விரும்பும் தாய்மார்களும் அன்றைக்கே வாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்த பிறகுதான் எங்கே முதலில் தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.