வீடு எங்கே? வேலை எங்கே?



வேலை முடிந்து வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். இன்று பாடப் புத்தகம் வேண்டாம். சிலேட்டு மட்டும் கையில் இருக்கட்டும். கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நம் குடிசைகளைக் கணக்கெடுக்க ஆள் வந்து போனார்கள். அதிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "மாடி வீடு தருவார்களாமே! வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்குமாமே!" போன வாரம் ஒரு பாட்டி என்னைக் கேட்டார். "ஏம்மா, கையெழுத்துப் போடச் சொன்னால் போடலாமா?"

அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

தில்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இருந்ததே, உங்களுக்கு நினைவிருக்கும். நம் தமிழ் மக்கள் வாழ்ந்த இடம். பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் சுமார் 370 வீடுகள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அவற்றை இடித்தார்கள். வாய்க்கால் அடைபட்டு மழை வெள்ளம் தேங்குகிறது என்பது காரணம். வெள்ளம் தேங்குவது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு ஒதுக்கினார்கள். அதுவும் எங்கே? நரேலாவில்.

ஜங்புரா தெற்கே இருக்கிறது. நரேலா வடக்கே, அரியானா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடையில் சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். கேம்ப்பில் இருந்த பெண்கள் பலர் பக்கத்து வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்தவர்கள். நடந்தே வேலைக்குப் போனவர்கள். அங்கே மெட்ரோ நிலையமும் பக்கம். நிஜாமுதீன் ரயில் நிலையமும் பக்கம். நரேலாவில் ஒரு ரயில் நிலையம் உண்டு. மெட்ரோ இன்னும் ஓடவில்லை. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாக மெட்ரோ போட 2024 டிசம்பரில்தான் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. கட்டி முடிக்க 4 ஆண்டு என்றார்கள். மெட்ரோ வரட்டும், நல்லதுதான். ஆனால் நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டியவள் 4 ஆண்டு காத்திருக்க முடியுமா?

இன்னொரு விஷயம். நரேலாவில் டி.டி.ஏ. கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் பல வருடம் விற்காமல் கிடந்தன. காசு வைத்திருந்தவர்களே வாங்கத் தயங்கினார்கள். போக்குவரத்து சரியில்லை என்பது ஒரு பெரிய காரணம். அவர்களுக்குத் தூரமாக இருந்தது நமக்கு மட்டும் பக்கமாகிவிடுமா?

சரி, கணக்குப் போடுவோம். போக 2 மணி நேரம். வர 2 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி. மாதம் 26 நாள் வேலை. 26ஐ 4ஆல் பெருக்குங்கள். எத்தனை? ஆமாம், 104 மணி நேரம். ஒரு நாளில் 8 மணி நேரம் வேலை என்றால், 13 நாள் வேலை செய்யும் நேரம் பஸ்ஸில் போகிறது.

"பெண்களுக்குத்தான் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லையே" என்று ஒரு அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி. 2019 அக்டோபரில் தில்லி அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கினார்கள். ஆனால் போகும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

என் அத்தை ஊர் ஓரத்தில் ஒரு குடியிருப்புக்கு மாறிப் போனார். அங்கே ஒரு நாள் தங்கினேன். வீடு நன்றாகவே இருந்தது. ஜன்னல் வழியே நல்ல காற்று. ஆனால் காலை 5 மணிக்கே அத்தை கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்துக்கு 20 நிமிடம் நடை. இருட்டு. தெரு விளக்கு இல்லை. முன்பு 3 வீடுகளில் வேலை செய்தவர் இப்போது ஒரு வீட்டில் மட்டும் செய்கிறார். 7 மணிக்கு அவரால் வர முடியவில்லை என்று மற்ற இரண்டு வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களே எழுந்து, தாங்களே தலை சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். காகிதத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். 2006இல் மத்திய அரசு நகரப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வீடு எங்கே, வேலை எங்கே, பஸ் எங்கே என்பதை ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். 2017இல் இன்னொரு கொள்கை வந்தது. ரயில், மெட்ரோ நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் அதிகமான மக்கள் குடியிருக்க வேண்டும் என்கிறது அது. அதில் ஏழைகளின் வீடும் அடங்கும்.

நமக்கு நேராகப் பொருந்துவது தில்லியின் 2015ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கை. அதே இடத்தில் அல்லது 5 கிலோமீட்டருக்குள் மாற்று வீடு தர வேண்டும் என்கிறது. தவிர்க்க முடியாதபோதுதான் அதைத் தாண்டலாம். அதற்கும் வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். இந்த 5 என்ற எண்ணைச் சிலேட்டில் பெரிதாக எழுதுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. கல்காஜியில் பூமிஹீன் கேம்ப் மக்களுக்காக அதே பகுதியில் 3,024 மாடி வீடுகள் கட்டினார்கள். 2022 நவம்பரில் சாவி கொடுத்தார்கள். கோவிந்த்புரி மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. அங்கும் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. ஆனால் கிடைத்தவர்கள் வேலையை விட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பாட்டிக்கு என் பதில் இதுதான். வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மழையில் ஒழுகும் கூரையின் கீழ் நானும்தான் படுக்கிறேன். ஆனால் எந்த இடம் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். எழுதவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். எழுதியிருந்தால் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்போம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். முதல் பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? எத்தனை இடத்தில் மாற வேண்டும்? ராத்திரி பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டும். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் சிலதான். நரேலாவில் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். அன்று சாலை காலியாக இருக்கும், கணக்குத் தப்பாகிவிடும். வேலை நாளில் போவோம். முதல் நாள் மாலையே போய் அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்குவோம். விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்வோம். கிளம்பிய நேரம், பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் உங்கள் கையால் நோட்டில் எழுதுங்கள். அதைத்தான் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.

என்னோடு வர நான்கு பேர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? பெயரைப் பலகையில் நீங்களே வந்து எழுதுங்கள்.