உரிமக் கட்டணம் என்னும் கதவு

நம் துறையில் புள்ளியியல் பாடம் நடப்பது, காசு கட்டி உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளில். வீட்டின் முதல் பட்டதாரியாக வந்த ஆய்வு மாணவர், ஆய்வகம் பூட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இல்லையேல் திருட்டுப் பிரதி. உதவித்தொகையே தாமதமாகும் இடத்தில் வேறென்ன வழி?

'ஆர்' என்ற மென்பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருவர் கற்பிப்பதற்காக உருவாக்கி, 1995இல் குனு பொது உரிமத்தின்கீழ் விட்டது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். படிக்கவே கூடாதென்று விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். இந்த நான்கு உரிமைகளின் அருமை நமக்குத் தெரியும்.

ஆய்வு முறையியல் தாளில் 'ஆர்' கற்பிக்கச் சொல்லிச் சேர்ந்துபோய்க் கேட்போம். உரிமம் வாங்க நிதி ஒதுக்கத் தேவையில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரி போதும்.