புது அலாய், புது சத்தம்: காரை எப்படிக் கேட்பது?

போன எபிசோட்ல நிறையப் பேர் கேட்டிருந்தீங்க: "ப்ரோ, அலாய் வீல் மாத்தினேன், அதுக்கப்புறம் ஒரு சத்தம் வருது, என்னவா இருக்கும்?" எனக்கும் இதே கதை நடந்திருக்கு. அதையே இன்னைக்குப் பேசிடலாம்.

பொங்கல் லீவுக்கு பெங்களூர்லேருந்து ஊருக்குக் கிளம்பினேன். ஊர் மூங்கில்துறைப்பட்டு. கார் ஒரு பழைய ஹோண்டா ஜாஸ். முந்தின வாரம்தான் ஒரு கடையில 16 இன்ச் அலாய் போட்டிருந்தேன். ஊத்தங்கரை தாண்டினதும் மெதுவா ஒரு 'டொக்... டொக்'. டயர்ல கல்லு மாட்டியிருக்கும்னு நினைச்சு, பாட்டு சவுண்டை ஏத்திட்டேன். நான் பண்ணின முதல் தப்பு அதுதான்.

திருவண்ணாமலை தாண்டி, தென்பெண்ணைப் பாலத்துல மெதுவாப் போறப்போ சத்தம் தெளிவாவே கேட்டுச்சு. ஊருக்குள்ள கரும்பு டிராக்டர்களுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். நேரா அவர் கடைக்குப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்ல. பக்கத்து சீட்ல உட்கார்ந்து, "தம்பி, பாட்டை நிறுத்து. வண்டியை விடு. இப்போ நியூட்ரல் போடு"ன்னார்.

நியூட்ரல் போட்டதும் இன்ஜின் வேகம் இறங்கிடுச்சு. ஆனா சத்தம் அதே கணக்குல தொடர்ந்துச்சு. கார் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைஞ்சது. அப்போ இன்ஜின் இல்ல, உருள்ற ஏதோ ஒண்ணு.

இங்க நம்ம இன்ஜினியரிங் மூளை கொஞ்சம் உதவும். 185/55 R16 டயரோட சுற்றளவு கிட்டத்தட்ட 1.92 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்துல அது ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 3 சுத்து சுத்தும். போன்ல 10 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி எண்ணுங்க. 29, 30 தடவை வந்தா, சுத்துக்கு ஒரு சத்தம். வீல், டயர், ஹப் பக்கம் தேடலாம். வேகத்தோட சம்பந்தமே இல்லாம, பள்ளத்துல மட்டும் வந்தா சஸ்பென்ஷன் பக்கம் பாருங்க.

அண்ணன் ஜாக்கி போடுறதுக்கு முன்னாடியே ஸ்பேனரை எடுத்து முன் இடது வீல்ல வச்சார். நாலு நட்ல ரெண்டு, பாட்டில் மூடி மாதிரி லேசாச் சுத்துச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மறுநாள் காலையில அம்மா, அப்பா, அக்கா, அவளோட கைக்குழந்தை எல்லாரையும் ஏத்திக்கிட்டு இதே கார்ல சாத்தனூர் டேமுக்குப் போறதா இருந்தோம்.

நட் எப்படி லூஸ் ஆச்சு? ஹோண்டா கம்பெனி வீல் நட்டோட அடிப்பக்கம் உருண்டையா இருக்கும். வெளியில வாங்குற அலாய்ல பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவ இருக்கை. உருண்டையைக் கூம்புல வச்சா, ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் ஒட்டும். முறுக்கும்போது டைட்டாத் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் அந்தப் பிடி தளர்ந்துடும். பக்கவாட்டு அசைவுதான் நட்டைக் கழட்டும்னு யுங்கர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் 1969-லயே சோதனை பண்ணிக் காட்டினார். சரியா உட்காராத வீல் பண்றது அதே பக்கவாட்டு அசைவுதான்.

இன்னொரு விஷயம், நடு ஓட்டை. ஜாஸ் ஹப் 56.1 மில்லிமீட்டர். கடை அலாய் பல கார்களுக்கும் பொருந்தணும்னு 73.1 வச்சிருப்பாங்க. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடணும். போடலைன்னா வீல் நடுவுல உட்காராம, 80-க்கு மேல ஸ்டீயரிங் நடுங்கலாம். நாம பேலன்சிங் சரியில்லைன்னு திரும்பத் திரும்பப் பணம் கொடுத்துட்டு இருப்போம்.

மத்த சத்தங்களையும் பார்த்துடுவோம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது மட்டும் 'சர்ர்': டயர் உள் பிளாஸ்டிக்ல உரசுது, அகலமோ ஆஃப்செட்டோ தப்பு. மெல்லிசா தகரம் தேய்ற சத்தம்: பிரேக் டிஸ்க் பின்னாடி இருக்கிற தகடு வீல் மாத்தும்போது வளைஞ்சிருக்கலாம், இல்லைன்னா உள்பக்கம் ஒட்டின பேலன்ஸ் வெயிட் காலிப்பரை உரசலாம். வேகத்தோட ஏறுற 'ஊம்ம்': டயரா இருக்கலாம், பேரிங்காவும் இருக்கலாம். காலி ரோட்டுல லேசா இடது பக்கம் வளைச்சுப் பாருங்க. சத்தம் ஏறினா பெரும்பாலும் வலது பேரிங். ஒடிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது 'டக் டக் டக்': டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதுக்கும் அலாய்க்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். கடைசியா மாத்தின பொருள் மேலதான் முதல் சந்தேகம் வரும், ஆனா அதுவே தீர்ப்பு இல்ல.

ஆனா எந்தச் சத்தமா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான்: ஓரமா நிறுத்தி நட்டைப் பாருங்க. மத்ததெல்லாம் செலவு வைக்கும். இது வீலையே கழட்டி விடும்.

அன்னைக்கு ஒரு அலாய்ல ஓட்டை நீள்வட்டமாகிப் போயிருந்தது. அண்ணன் அதை ஒதுக்கி வச்சுட்டு ஸ்டெப்னியை மாட்டினார். மத்த மூணுக்கும் திருவண்ணாமலையிலேருந்து கூம்பு நட் வாங்கிட்டு வந்தோம். ஒரு முக்கியமான குறிப்பு: ஸ்டெப்னி கம்பெனி வீல், அதுக்குப் பழைய உருண்டை நட்தான் வேணும். நாலு பழைய நட்டை டிக்கியிலேயே போட்டு வைங்க. ஜாஸ்க்கு 108 நியூட்டன் மீட்டர் முறுக்கு. உங்க காருக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பார்த்து, டார்க் ரென்ச்ல முறுக்கச் சொல்லுங்க. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க. எனக்கு வீல் மாட்டின கடையில இதை யாரும் சொல்லல. நானும் கேட்கல.

சாத்தனூருக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் போனோம். போற வழியெல்லாம் பாட்டே போடல. "ஏன்டா இவ்ளோ அமைதியா ஓட்டுற?"ன்னு அம்மா கேட்டாங்க. "வண்டி பேசுறதைக் கேட்டுட்டு வர்றேம்மா"ன்னேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.