பழந்துணியும் புதுவாழ்வும்



கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்தக் கந்தை நம்முடைய கந்தையாகவே இருத்தல் வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்து வந்திருக்கிறோம். பிறர் உடுத்துக் களைந்ததைக் காசு கொடுத்து வாங்குவது நம் குடும்பங்களில் இழிவாகவே எண்ணப்பட்டது. ஆதலால் வீட்டில் சேரும் பழம்புடவையும் சட்டையும், ஒன்று வேலை செய்யும் அம்மாளுக்குப் போகும். அல்லது தெருவில் கூவி வரும் பாத்திரக்காரியிடம் ஓர் எவர்சில்வர் கிண்ணமாக மாறும். பெங்களூருவில் குடியேறிய பின்பும் நாம் இவ்வழக்கத்தை விடவில்லை. ஞாயிறுதோறும் சிக்கபேட்டைப் பக்கத்து வீதிகளில் கூடும் பழைய சாமான் சந்தையைச் சுற்றி வந்தால், அந்தச் சட்டைகள் மறுபிறவி எடுக்கும் இடம் ஒருவாறு விளங்கும்.

இதே பழந்துணியை முதலாக வைத்து, வீடற்றவரும் சிறை மீண்டவரும் தம் உழைப்பால் வாழும் கடைகள் ஐரோப்பாவில் பல உள. அவற்றை நடத்தும் ‘எம்மாவுஸ்’ என்ற இயக்கத்தைப் பற்றி இன்று சொல்ல எண்ணுகிறோம். அதன் வரலாற்றில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஆபே பியேர் என்ற பாதிரியார், பாரிசுக்கு அருகில் பாழடைந்த ஒரு பெரிய வீட்டைச் செப்பனிட்டு 1949-இல் விடுதியாக்கினார். கயானாத் தண்டனைக் குடியேற்றத்தில் நெடுங்காலம் கழித்து மீண்ட ஒருவர், ஏற்பார் எவருமின்றி, அக்காலத்தில் உயிர் துறக்க முயன்றார். பாதிரியார் அவருக்குப் பணம் தரவில்லை, அறிவுரையும் கூறவில்லை. வீடற்றோருக்கு வீடு கட்டும் வேலையில் தமக்குக் கைகொடுக்க வரமுடியுமா என்று கேட்டார். வந்த அம்மனிதரே இயக்கத்தின் முதல் தோழர். உதவி வேண்டி நின்றவரை உதவி செய்பவராக மாற்றி நிறுத்திய இந்த ஏற்பாடுதான் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வேர்.

1951-இல் பாதிரியாரின் பதவி போயிற்று. சம்பளமும் உடன் போயிற்று. அவர் தெருவில் நின்று யாசிக்கும் நிலை வந்தது. அதைக் காட்டிலும் குப்பை பொறுக்குவது மேல் என்று தோழர்கள் கண்டனர். கந்தல், காகிதம், உலோகம் எனப் பாரிசு நகரம் எறிந்தவற்றைத் திரட்டி, தரம் பிரித்து விற்றனர். 1954-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், வீட்டைவிட்டு வெளியேற்றிய உத்தரவைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் நடைபாதையில் விறைத்து இறந்தாள். பிப்ரவரி முதல் நாள் பாதிரியார் இச்செய்தியை ரேடியோ லக்ஸம்பர்க்கின் வழியே அறிவித்தார். 5,000 போர்வை, 300 பெரிய கூடாரம், 200 அடுப்பு எனக் கணக்காகக் கேட்டார். கேட்டவற்றுக்கு மேல் பன்மடங்கு வந்து குவிந்தன. உருக்கமான பேச்சு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை சரியான பட்டியலும் என்பது எம் எண்ணம்.

கடையின் நடைமுறை எளியது. வந்து சேருகிறவனிடம் பழங்கதை கேட்பதில்லை. அவனுக்குப் படுக்கை, உணவு, கைச்செலவுக்குச் சிறு தொகை உண்டு. இயன்ற வேலை அவன் செய்ய வேண்டும். ஒருவன் வண்டியோடு சென்று வீடுகளில் மேசை நாற்காலி திரட்டுவான். ஒருவன் பழுது பார்ப்பான். மற்றொருவன் கடையில் நின்று விலை சொல்வான். பொருளை இலவசமாக அளித்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். விலைச்சீட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. நேற்று வரை கையேந்திய ஒருவன் இன்று, “இது நூறு ரூபாய், குறைக்க இயலாது” என்று சொல்லும் நிலையில் நிற்பான். வாங்குகிற ஏழையும் நன்றி சொல்லக் கடமைப்படாமல், நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். தானத்தில் இந்த உரிமை இல்லை.

2007-இல் மறைந்த ஆபே பியேர் பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற குற்றச்சாட்டுகள் 2024-இல் வெளிவந்தன. மறைக்காமல் அவற்றை வெளியிட்டது எம்மாவுஸ் இயக்கமேதான். அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை தன் பெயரையே மாற்றிக்கொண்டது. கடைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெயர் அறியப்படாத தோழர்கள் ஆதலின் அவை நடந்து வருகின்றன.

நம் நாட்டில் இவ்வழியை ஒட்டியது ‘கூஞ்ச்’ என்ற நிறுவனம். அன்ஷு குப்தா 1999-இல் தில்லியில் தொடங்கிய இதற்குப் பெங்களூருவிலும் பணி உண்டு. கிணறு தூர்வாரியும் சாலை போட்டும் உழைக்கும் கிராமத்தாருக்கு, அவ்வுழைப்பின் பயனாக நகரத்துப் பழந்துணி வழங்கப்படுகிறது. 2015-இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பெங்களூருவின் நிலை என்ன? நகரின் நடுவே இருந்த மத்திய சிறை பரப்பன அக்ரகாரத்துக்கு மாறி, பழைய இடம் 2008-இல் சுதந்திரப் பூங்கா ஆயிற்று. பூங்காவுக்குள் நுழைவது எளிது. சிறையிலிருந்து வெளிவந்தவன் வாடகை வீட்டுக்குள் நுழைவது எளிதன்று. முகவரி இல்லையேல் அட்டை இல்லை. அட்டை இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு எவர் முகவரி தருவார்? கர்நாடகத்தின் 1975-ஆம் ஆண்டு இரவலர் தடைச் சட்டப்படி, சொத்து வரியோடு நூற்றுக்கு மூன்று விழுக்காடு மேல்வரி உண்டு. மாகடி சாலை நிவாரண மையத்தில் பிடித்து வைக்கப்படுவோருக்காக வீட்டுக்காரர் செலுத்தும் தொகை இது. ‘மறுவாழ்வு’ என்ற சொல்லைக் கோப்புகளில் நாள்தோறும் பெயர்த்தெழுதும் நமக்கு, அச்சொல் எத்தனை எளிதாக எழுதப்படுகிறது என்பது தெரியும்.

ஆனால் இந்நகரிலேயே வேறொரு செய்தியும் நடந்திருக்கிறது. குப்பை பொறுக்குவோருக்கு 2011-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சி தொழில் அடையாள அட்டை வழங்கியது. அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். ‘ஹசிரு தளா’ என்ற அமைப்பு அவர்களைத் திரட்டி, உலர்கழிவு மையங்களை நடத்தும் பொறுப்பிலும் சிலரை அமர்த்தியுள்ளது. எதை எறியலாம், எதை விற்கலாம் என்று கண்ட மாத்திரத்தில் அறியும் கண் அவர்களுக்கு உண்டு. பழைய பொருட்கடை ஒன்று தொடங்குவோருக்கு அதைவிடச் சிறந்த மூலதனம் கிடையாது.

இனி நம் பக்கத்துச் செய்தி ஒன்று. பழந்துணி கொடுக்கும்போது துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுத்தல் வேண்டும். செருப்பானால் இரண்டையும் ஒருசேரக் கட்டி அனுப்ப வேண்டும். ஒற்றைச் செருப்புக்கு எந்தக் கடைக்காரனாலும் விலை சொல்ல இயலாது.