பயிரைக் காப்பது யார்?

(எம்.கே.பி. நகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இந்த எம்.கே.பி. நகரில் வயலுமில்லை, வரப்புமில்லை. ஆனாலும் அன்றாடம் அரிசிச் சோறு தின்கிற நாம், அந்த நெல்லுக்கு வரும் ஒரு வியாதியைப் பற்றி யோசிப்பது வீண் வேலையாகாது.

நெல்லுக்குப் பாக்டீரியா இலைக்கருகல் என்றொரு நோய் உண்டு. மழையும் காற்றும் அடித்த பின் இலை நுனியிலும் ஓரத்திலும் மஞ்சள் கண்டு, வைக்கோலாய்க் காய்ந்துகொண்டே இறங்கும். உடனே கண் திருஷ்டி என்றும் தெய்வக் குற்றம் என்றும் சொல்லிப் பூசைக்குச் செலவழிப்பதால் என்ன பயன்? கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, கருகும் இலையை வெட்டி அதில் வையுங்கள். வெட்டுவாயிலிருந்து கலங்கலாக ஒழுகும். அந்தக் கலங்கல்தான் "குற்றம்", அவ்வளவும் கிருமிகள்! இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் அவை நுழைகின்றன. நடவின்போது நாற்று நுனியைக் கிள்ளாதீர்கள் என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

பயிர் இதற்கு என்ன செய்கிறது? நம் இரத்தத்தில் ஓடித்திரியும் வெள்ளணுக்களைப் போல் செடிக்கு ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு உயிரணுவும் தன் வாசலில் தானே காவல் வைத்திருக்கிறது. அக்காவலுக்கு ஏற்பி என்று பெயர். அது ஒரு புரதம். அதன் ஒரு பாகம் வெளியே நின்று வருகிறவன் யார் என்று பார்க்கிறது. மறு பாகம் உள்ளே செய்தி சொல்லுகிறது. உடனே தற்காப்பு வேலை தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்று இந்நோயைத் தாங்குவதை 1977ல் கட்டாக் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டார்கள். அதிலுள்ள காவலாளிக்கு எக்ஸ்.ஏ.21 என்று பெயர். அதன் மரபணுவை 1995ல் கலிபோர்னியாவில் பமேலா ரொனால்ட் கூட்டத்தார் பிரித்தெடுத்தார்கள். அது கிருமியின் எந்த அடையாளத்தைப் பிடிக்கிறது என்று 2009ல் ஒரு விடை சொன்னார்கள். அது தவறென்று தாங்களே கண்டு 2013ல் வாபஸ் வாங்கினார்கள். 2015ல் சரியான விடையை வெளியிட்டார்கள். என்னவென்றால், பயிரின் வளர்ச்சிப் பொருளைப் போலவே கிருமி ஒன்று செய்து வேஷம் போடுகிறது. காவலாளி அந்த வேஷத்தைக் கண்டுகொள்ளுகிறான். தோழர்களே! சொன்னது தப்பென்று தானே திருத்திக்கொண்ட சாஸ்திரம் ஒன்றை நம் வைதிகர்கள் காட்ட முடியுமா?

ஒரே காவலாளியை நம்பினால், கிருமி வேஷத்தை மாற்றி ஏமாற்றிவிடும். ஆகையால், வியாபாரிகள் பி.பி.டி. பொன்னி என்கிற சம்பா மசூரியில் எக்ஸ்.ஏ.21டன் இன்னும் இரண்டு மரபணுக்களை ஐதராபாத் விஞ்ஞானிகள் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று, கிருமி சர்க்கரை திருடத் திறக்கும் கதவைத் திறக்கவொட்டாமல் செய்வது. சாதாரண ஒட்டு முறையிலேயே உண்டான அந்த ரகம் 2008ல் வெளிவந்தது.

களையென்று ஒதுக்கப்பட்ட காட்டுப் புல்லின் உறவால் பிழைத்தது உயர்ந்த ரகம்! கலப்பு கூடாது, சுத்தம் கெடும் என்று பேசுகிறவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது தம்ளரில் இலையை வைத்துப் பாருங்கள். காரணம் தெரிந்தால்தான் பரிகாரம் தெரியும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.